படம் யாருக்குச் சொந்தம்?

பழவேற்காட்டுக்கு நான் போனது டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்ப்பதற்காக. ஆனால் திரும்பி வரும்போது மனத்தில் நின்றது ஒரு காலண்டர்.

சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைத் தாண்டி, ஏரியும் கடலும் கைகோத்துக் கொள்கிற இடத்தில் இருக்கிறது அந்த ஊர். 1613-ஆம் ஆண்டில் டச்சுக் கம்பெனியார் அங்கே ஜெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். சென்னையில் ஆங்கிலேயர் கோட்டை எழுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முந்திய சமாசாரம் இது. கோட்டை போய்விட்டது; கல்லறைகள் இருக்கின்றன. இடுகாட்டு வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நின்று நம்மை வரவேற்கின்றன. உள்ளே கற்பலகைகளில் நேர்த்தியான வேலைப்பாடு. அதனுடன், இன்னார் இன்ன தேதியில் காலமானார் என்ற விவரம். முந்நூறு வருஷத்து வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்கிக்கொண்டு அந்தப் பெயர்கள் நிற்கின்றன. செதுக்கியவன் பெயர் ஏதாவது ஒரு மூலையில் இருக்கிறதா என்று பார்த்தேன். என் கண்ணில் படவில்லை.

அந்தச் சிறு ஏமாற்றத்தோடு படகுத் துறைப் பக்கம் வந்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். எதிரே சுவரில் ஒரு வியாபார நிறுவனத்தின் காலண்டர் தொங்கியது. படம் அபாரமாக இருந்தது. விடியற்காலை, இடுப்பளவு தண்ணீரில் ஒரு கிழவர் வீச்சு வலையை வீசுகிறார். வலை ஆகாயத்தில் குடைபோல் விரிந்திருக்கிறது. அதற்கு அப்பால், மங்கலாக, பூநாரைகளின் வரிசை. படத்தின் கீழே நிறுவனத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. வேறு எந்தப் பெயரும் இல்லை.

"அதுல வலை வீசறது யாருன்னு நெனைக்கிறீங்க சார்?" என்று பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். காலண்டரில் இருந்தவர் கையில் டீத் தம்ளரோடு உட்கார்ந்திருந்தார்!

"நீங்களேதானா? யார் எடுத்தார்கள்?"

"நம்ம குப்பத்துப் பையன்தான். காமிராவும் கையுமா ஏரியையே சுத்திக்கினு இருப்பான். இரு சார், கூப்பிடறேன்."

பையன் வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கலாம். பழைய காமிரா ஒன்றை யாரிடமோ பாதி விலைக்கு வாங்கி, பழகி, ஒரு போட்டிக்கு இந்தப் படத்தை அனுப்பியிருக்கிறான். பரிசு வரவில்லை, அடுத்த வருஷம் படம் காலண்டரில் வந்துவிட்டது. நிறுவனத்துக்கு டெலிபோன் செய்து கேட்டிருக்கிறான். எதிர்முனையில் இருந்தவர் கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "படத்தைப் பதிவு செய்திருக்கிறீரா? இல்லையா? அப்படியானால் உமக்கு உரிமை ஏது?"

"அதுக்குமேல எனக்கு என்ன பேசறதுன்னு தெரியலை சார்" என்றான் பையன்.

எனக்கும் தெரியவில்லை. நான் வக்கீல் அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் என் கதை ஒன்றை யாராவது இப்படிப் பெயரில்லாமல் அச்சிட்டிருந்தால் நான் தூங்கியிருக்க மாட்டேன் என்பது மாத்திரம் தெரிந்தது. ஊருக்குத் திரும்பியதும் சட்டப் புத்தகங்களையும் பழைய வழக்குகளையும் புரட்டத் தொடங்கினேன். புரட்டப் புரட்ட ஒரு வேடிக்கை புலனாயிற்று. டெலிபோனில் பேசிய அந்த மனிதர் சொன்னது முழுப் பொய் அல்ல. ஒரு காலத்தில், ஓர் ஊரில், அது சட்டமாகவே இருந்தது. அந்தக் காலமும் நமது அல்ல. அந்த ஊரும் நமது அல்ல.

அந்த ஊர் லண்டன். 1862-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு நுண்கலை உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஓவியம், சித்திரம் இவற்றோடு, அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்த புகைப்படத்துக்கும் அதில் இடம் கிடைத்தது. படைத்தவரின் ஆயுள் முழுவதும், அதற்கு மேல் 7 வருஷமும் உரிமை. ஆனால் ஒரு நிபந்தனை: லண்டனில் புத்தக வியாபாரிகள் சங்கத்தின் மாளிகையில் இருந்த பதிவேட்டில் பெயர் ஏறியிருக்க வேண்டும். ஏறாதவரையில் வழக்குப் போட முடியாது. ஏறுவதற்கு முன்னால் யாராவது திருடியிருந்தால் அந்தத் திருட்டைப் பற்றிக் கேட்கவும் முடியாது.

பதிவேட்டில் ஏறினால் மட்டும் போதுமா? சரியான பெயர் ஏற வேண்டும். கிரிக்கெட் பிரியர்கள் இந்தக் கதையை ரசிப்பார்கள். ஆஸ்திரேலியக் கிரிக்கெட் கோஷ்டி இங்கிலாந்துக்கு வந்திருந்தபோது லண்டன் போட்டோக் கம்பெனி ஒன்று தன் ஊழியரை அனுப்பி அவர்களைப் படம் பிடித்தது. முதலாளிகள் படத்தின் கர்த்தாக்கள் தாங்களே என்று பதிவு செய்துகொண்டார்கள். வேறொருவர் படத்தைக் காப்பியடித்தபோது கோர்ட்டுக்குப் போனார்கள். 1883-இல் நீதிபதிகள் முதலாளிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆபீசில் உட்கார்ந்துகொண்டு ஆளை அனுப்பியவர் படத்தின் கர்த்தா ஆகமாட்டார் என்பது தீர்ப்பின் சாரம். பதிவேட்டில் ஏறிய பெயர் பொய்யானபடியால் பதிவே பயனற்றுப் போயிற்று.

அதே சமயத்தில் அமெரிக்காவில் இன்னும் அடிப்படையான கேள்வி ஒன்று எழுந்தது. 1882-இல் நியூயார்க்கில் நெப்போலியன் சரோனி என்ற ஸ்டூடியோக்காரர் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டைப் படம் எடுத்தார். ஓர் அச்சுக் கம்பெனி அதில் 85,000 பிரதிகளைப் போட்டுத் தள்ளிவிட்டது. யந்திரம் எடுத்த படத்துக்கு மனிதன் எப்படிக் கர்த்தா ஆவான் என்பது அந்தக் கம்பெனியின் வாதம். 1884-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு பதில் சொன்னது: வைல்டை எப்படி உட்கார வைப்பது, என்ன உடை, எந்தத் திரை, வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே என்று நிச்சயித்தவர் சரோனி, ஆகவே படம் அவர் மூளையில் பிறந்தது.

சரி, இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது நமது சென்னை ராஜதானியில் நிலைமை என்ன?

இங்கே புகைப்படக் கலை அப்போது நன்றாகவே வேரூன்றிவிட்டது. 1856-லேயே சென்னையில் போட்டோக் கலைச் சங்கம் ஒன்று ஏற்பட்டிருந்தது. சென்னை சர்க்கார் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவக் காப்டனை உத்தியோகப் புகைப்படக்காரராகவே வைத்துக்கொண்டது. அவர் 1858-இல் ஸ்ரீரங்கம், தஞ்சை, மதுரை, புதுக்கோட்டை என்று மாட்டு வண்டியில் சாமான்களைக் கட்டிக்கொண்டு சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டை 21 துண்டுகளாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். 1860-இல் கவர்னர் டிரெவில்யன் இதெல்லாம் வீண் செலவு என்று அந்த இலாகாவை மூடினார். ஆனாலும் தனியார் ஸ்டூடியோக்கள் தொடர்ந்து பிறந்தன. கோயில், கடற்கரை, கட்டுமரம், செம்படவர் எல்லாம் அட்டைப் படங்களாகி விலைக்குப் போயின.

அந்தப் படங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு? 1847-ஆம் ஆண்டு இந்தியாவில் வந்த பதிப்புரிமைச் சட்டம் புத்தகங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 1862 லண்டன் சட்டமோ கடல் கடந்து வரவில்லை. குடியேற்ற நாடுகளுக்கு அது செல்லாது என்று 1903-இல், கானடாவிலிருந்து போன ஒரு வழக்கில், பிரிவி கவுன்சிலே தீர்ப்புச் சொல்லிவிட்டது. லண்டன் பதிவேடு இன்று அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. விண்ணப்பத்தோடு ஒட்டிக் கொடுத்த படங்களும் ஏராளமாக அப்படியே இருக்கின்றன. எடுத்தவர் பெயர், உரிமையாளர் பெயர், நாள் எல்லாம் அதில் உண்டு. நமக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. பழைய சென்னைப் படங்களை எடுத்துப் பார்த்தால் பலவற்றின் கீழே எடுத்தவர் பெயர் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு காலம் மாறியது. 1911-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுவதற்கும் புதிய பதிப்புரிமைச் சட்டம் வந்தது. 1914-இல் அதைத் தழுவி இந்தியச் சட்டம் பிறந்தது. பதிவு செய்தால்தான் உரிமை என்ற நிபந்தனை அதோடு ஒழிந்தது. கவனியுங்கள்: டெலிபோன்காரர் நம் பையனிடம் சொன்ன சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு முன்னாலேயே செத்துப்போன சட்டம். செத்த சட்டங்களுக்கு இடுகாடு கிடையாது போலிருக்கிறது. அவை ஆவியாக உலாவிக்கொண்டு, விவரம் தெரியாதவர்களைப் பயமுறுத்துகின்றன.

அந்தச் சட்டத்தில் இன்னொரு விசித்திரம் இருந்தது. படத்தின் மூல நெகட்டிவ் யாருக்குச் சொந்தமோ அவரே படத்தின் கர்த்தா என்று கருதப்பட்டார். கண்ணாடித் தகட்டை விலை கொடுத்து வாங்கியவர் கலைஞர் ஆனார்! சுதந்தர இந்தியா இதை மாற்றிவிட்டது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1958 ஜனவரி 21-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அது ஒரே வரியில் விஷயத்தை முடிக்கிறது: புகைப்படத்தை எடுத்தவரே அதன் கர்த்தா. படம் கலையழகோடு இருக்கிறதா என்ற விசாரணைகூடக் கிடையாது. எடுத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. முதலில் அந்த உரிமை, படம் வெளியான பிறகு 50 வருஷம் என்றிருந்தது. 1992-இல் 60 ஆயிற்று. 2012 திருத்தத்துக்குப் பிறகு, மற்றக் கலைஞர்களுக்கு உள்ளதுபோல, எடுத்தவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 வருஷமும் என்று ஆகியிருக்கிறது.

இதில் இரண்டு விலக்குகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கூலி பேசி ஒருவர் கேட்டதன்பேரில் எடுத்த படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவருக்குச் சொந்தம். உங்கள் வீட்டுக் கல்யாணப் படங்கள் உங்களுடையவையே, ஸ்டூடியோக்காரருடையவை அல்ல. சம்பளத்துக்கு வேலை செய்யும்போது எடுத்த படம், பொதுவாக, முதலாளிக்குப் போகிறது. நமது பழவேற்காட்டுப் பையன் யாரிடமும் கூலி வாங்கவில்லை. யாருக்கும் ஊழியன் அல்ல. அவன் கையெழுத்திட்டு எழுத்து மூலம் கொடுத்தாலொழிய அவன் உரிமை இன்னொருவருக்குப் போகாது. அதனால்தான் போட்டிகளுக்குப் படம் அனுப்புகிறவர்கள் விதிகளைப் பூதக் கண்ணாடி வைத்துப் படித்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்படியானால் பதிவு எதற்கு? டில்லியில் பதிப்புரிமை அலுவலகம் இருக்கிறது. பதினான்காம் நமூனாப் பாரத்தைப் பூர்த்தி செய்து, ஒரு கலைப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டி, படத்தின் பிரதியோடு அனுப்ப வேண்டும். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று 30 நாள் காத்திருக்கிறார்கள். பிறகு பரிசீலித்துப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். இது கட்டாயம் அல்ல என்பதை நமது சென்னை ஹைகோர்ட்டே ஒரு சினிமாக் கதை வழக்கில் சொல்லியிருக்கிறது. 1976-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுதிகளில் அது இருக்கிறது. ஆனால் சட்டத்தின் 48-ஆம் பிரிவு பதிவேட்டுக்கு ஒரு பலம் கொடுக்கிறது. அதில் எழுதியிருப்பதைக் கோர்ட்டு முதல் பார்வையில் உண்மை என்று எடுத்துக்கொள்ளும். இல்லை என்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். பதிவேடு உரிமையைப் பெற்ற தாய் அல்ல. குழந்தை யாருடையது என்று கூண்டிலேறிச் சொல்லுகிற சாட்சி.

சாட்சி எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் ஊர் உதாரணம் ஒன்று உண்டு. 1932 ஜனவரி 26-ஆம் தேதி சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றிய கே. பாஷ்யத்தைப் பலர் அறிவார்கள். ஆர்யா என்ற பெயரில் அவர் சிறந்த ஓவியர். அவர் தீட்டிய காந்தியடிகளின் படம் ஒன்றைப் பற்றிப் பிரசுராலயம் ஒன்றோடு வழக்கு மூண்டது. புகைப்படங்களைப் பார்த்து வரைந்த படந்தானே, அதற்கு என்ன தனி உரிமை என்பது எதிர்க்கட்சி. இரண்டு புகைப்படங்களிலிருந்து எடுத்துக்கொண்டு, தம் திறமையால் புதியதொரு உருவத்தை ஆக்கியிருப்பதால் அது அவருடைய சொந்தப் படைப்பே என்று சென்னை ஹைகோர்ட்டு முடிவு செய்தது. 1961-ஆம் ஆண்டுத் தொகுதியில் அந்தத் தீர்ப்பு வந்திருக்கிறது. கொடி ஏற்றியவர் கோர்ட்டு ஏறியும் நின்றுதான் தம் கைவேலையைத் தமதென்று நிலைநாட்ட வேண்டியிருந்தது!

இவ்வளவையும் குறித்துக்கொண்டு நான் மறுபடி பழவேற்காட்டுக்குப் போனேன். அதே டீக்கடை, அதே பெஞ்சு. கிழவரும் பையனும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதிவேடு சமாசாரம் வந்ததும் கிழவர் சட்டென்று, "அட, இது நம்ம பாடு மாதிரிதானே சார்?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு சுருக்கமாக எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லவில்லை.

பாடு என்பது அந்த ஏரியின் பழைய ஏற்பாடு. இறால் ஓடுகிற இடங்களை வகுத்து, இன்ன ஊர், இன்ன ஆள், இன்ன முறை என்று வைத்திருக்கிறார்கள். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கேரளத்துக் காயல்களிலும் இப்படிப்பட்ட முறைகள் உண்டு. தண்ணீரில் வேலி போட முடியாது; இது என் இடம் என்று கல் நட முடியாது. ஆனால் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பது ஊருக்குத் தெரியும். தகராறு வந்தால் பஞ்சாயத்தார் அதைத்தான் கேட்பார்கள். வெளிச்சமும் தண்ணீரைப்போலத்தானே? அதற்கும் வேலி கிடையாது. பட்டியல்தான் வேலி.

ஆனால் பட்டியலுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. அதே ஏரியில், பாட்டு உரிமை இல்லாத ஜனங்களும் பிழைக்கிறார்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பாடு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே சச்சரவுகள் நடந்திருக்கின்றன. ஒரு பட்டியல் சிலரை உள்ளே வைத்துக் காப்பாற்றும்போதே சிலரை வெளியிலும் நிறுத்திவிடுகிறது.

இதை நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கிழவர் கேட்டார்: "பையன் பேரு பாரத்துல ஏறிடும். சரி. மூஞ்சி என்னுதாச்சே சார், என் பேரை எங்க எழுதறது?"

அந்தப் பாரத்தில் அதற்கு இடம் இல்லை. பதிப்புரிமைச் சட்டம் காமிராவுக்குப் பின்னால் நிற்பவரைப் பார்க்கிறது. முன்னால் நிற்பவரைப் பார்ப்பதில்லை. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தின்போது ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாக இருந்த ஜனங்களைக் கும்பலாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் இன்றும் புத்தகங்களில் வருகின்றன. ஹூப்பர் பெயர் நமக்குத் தெரிகிறது. உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று படத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

ஆனால் கிழவர் அடியோடு நிராதரவானவர் அல்ல. 1994-இல், தமிழ்ப் பத்திரிகை ஒன்று சம்பந்தப்பட்ட ஆட்டோ சங்கர் வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு அந்தரங்க உரிமையைப் பற்றி விரிவாகப் பேசியது. ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்கு உபயோகிப்பது அந்த உரிமையை மீறுவதாகும் என்று அதில் குறிப்பிட்டிருக்கிறது. ஆகவே காலண்டர்க்காரர் பதில் சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பேர். பையனுக்கு ஒரு வழி. கிழவருக்கு வேறு வழி. பையன் வழக்குப் போட வேண்டி வந்தாலும் நிறுவனம் இருக்கிற பெரிய பட்டணத்துக்கு ஓட வேண்டியதில்லை. தான் வசிக்கிற இடத்து மாவட்டக் கோர்ட்டிலேயே போடலாம் என்று சட்டத்தின் 62-ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

பையன் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டான். நிறுவனத்துக்கும் ரிஜிஸ்தர் தபாலில் ஒரு கடிதம் போயிருக்கிறது. நான் இதை எழுதும்வரை பதில் வரவில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் போட்டிருக்கிறான். எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் நாள், இடம், படத்தில் இருப்பவர் பெயர், அவர் சம்மதம் கொடுத்தாரா என்ற விவரம் எல்லாம் அதில் ஏறுகின்றன. முதல் பக்கத்தில் கிழவரின் பெயர் இருக்கிறது.

"காலண்டர்க்காரன் பணம் கொடுத்தா ஆளுக்குப் பாதி, தாத்தா" என்றான் பையன்.

கிழவர் காலண்டரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒண்ணு சொல்றேன் சார், சிரிக்காதீங்க. அன்னிக்கு அந்த வீச்சுல ஒரு மீன்கூட விழலை" என்றார்.